இல்லை என்ற சொல்லை எங்கே வைப்பது

வியாழன் இரவு ஏழு மணி. கேரி, இண்டியானா.
எஃகு ஆலையின் புகை ஏரிப்பக்கம் சாய்ந்திருந்தது.
ஆலய நிலவறையில் ஹீட்டருக்குப் பாதி உயிர்.
கோட்டைக் கழற்றாமலே நின்றோம்.
வெர்லீன் பிராட்நாக்ஸ் போனை உயர்த்திப் பிடித்தாள்:
"ஞாயிற்றுக்கு இந்தப் பாட்டு. வாலிபர்கள் கேட்டிருக்கிறார்கள்."

கேட்டோம்.
ஒரு கிட்டார். நாலே நாலு கார்டு.
ஒரு பையன். குரலில் கொஞ்சம் மூச்சு, கொஞ்சம் பணிவு.
அவனுக்குப் பின்னால் பெரிய அரங்கத்தின் இருட்டு;
பனிப்புகை கக்கும் யந்திரம் காதில் விழவில்லை,
ஆனாலும் இருந்தது.
ஒரே வரியைப் பதினாறு முறை சொன்னான்.
பதினாறாவதும் முதலாவது மாதிரியே இருந்தது.

"உப்புப் போடாத சோளக்கஞ்சி" என்றார்
பேஸ் வரிசையில் டீக்கன் ஹோசியா கிரம்ப்.
வெர்லீன் சிரிக்கவில்லை.
"கஞ்சி அவனுடையது. உப்பு யாரிடம் இருக்கிறது?"

முதலில் வேகத்தைப் பாதியாக்கினாள்.
நாலடித் தாளத்தைப் பிளந்து
ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று வைத்தாள்.
நடந்த பாட்டு ஆடத் தொடங்கியது.
ஆம்ப்ரோஸ் டிட்வெல் ஆர்கனில் குனிந்தான்,
பெட்டிக்குள் ஒலிவாய் சுழன்றது,
நாலு கார்டுக்கு நடுவே எத்தனை கார்டு ஒளிந்திருந்ததோ,
படிக்கு நடுவே படி, அதற்கு நடுவே ஒரு படி,
டெனர் நாங்கள் தடுக்கித் தடுக்கி ஏறினோம்.

இரண்டாம் சரணத்தில் நின்றது.

*என் வாசலை எந்தப் புயலும் தொட்டதில்லை.*

டோர்த்தியா மேப்ரி தாளை மடித்தாள்.
அவள் வாசல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
மார்ச்சில் வங்கி அதற்குப் பூட்டுப் போட்டது.
அதற்கு முந்தின வருஷம் அதே கதவில்
இரண்டு போலீஸ்காரர்கள்
தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

"நான் இதைப் பாடினால்
அந்த வாசல் சிரிக்கும்" என்றாள்.

ஆல்டோக்கள் தரையைப் பார்த்தார்கள்.
வேறு பாட்டு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், நான்தான் சொன்னேன்.
"வேண்டாம்" என்றாள் வெர்லீன்.
"பையன் பொய் சொல்லவில்லை. சின்ன வயது.
புயலுக்கு அவன் விலாசம் இன்னும் கிடைக்கவில்லை.
கிடைக்கிற அன்றைக்குப் பாட
அவனுக்கு ஒரு பாட்டு வேண்டும் இல்லையா?
இப்போதே செய்து வைப்போம்."

பென்சில் எடுத்தாள். இரண்டு இடத்தில் அடித்தாள்.

*என் வாசலைப் புயல் தொட்டது.*

இப்போது கையில் ஒரு 'இல்லை' மிச்சம்.
எறிய மனம் வரவில்லை.
ஏறக்குறைய பத்து மணிவரை
அதை எங்கே வைப்பது என்று தேடினோம்.
முன்னால் வைத்தால் இடித்தது, நடுவில் வைத்தால் தொங்கியது.
கடைசியில் ஹோசியா கிரம்ப்தான்,
கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே,
யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் போல
அடித்தொண்டையிலிருந்து "இல்லை" என்றார்.

அங்கே.

ஞாயிறு.
*என் வாசலைப் புயல் தொட்டது* என்றாள் டோர்த்தியா.
தொட்டது என்றோம்.
*கூரையைத் தொட்டது.* தொட்டது.
*என் பிள்ளையை*
என்றவள் மேலே போகவில்லை.
ஆம்ப்ரோஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.
வெள்ளைக் கையுறை போட்ட அஷர் பெண் இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.
படம் எடுத்துக்கொண்டிருந்த வாலிபர்கள்
போனை எப்போது இறக்கினார்கள் என்று கவனிக்கவில்லை.

பிறகு, பாட்டாக இல்லாமல், பேச்சாக:
"அழிந்தா போனேன்?"

*இல்லை.*
அரைச்சுரம் மேலே.
*இல்லை.*
இன்னும் அரைச்சுரம்.
பெஞ்சுகளும் சொன்னது மாதிரி இருந்தது.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
பதினாறுக்கு மேலே இருக்கும்.
ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

இரவு ஷிஃப்டுக்குப் போகும் வழியில்
வண்டி ரேடியோவில் அதே பாட்டு, அந்தப் பையன்,
அரங்கம் நிறைய ஆட்கள் இருந்தும் தனியாக.
*தொட்டதில்லை* என்றான்.
சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன்.
மாற்றவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து
அவனுக்கு அடியில், பேஸ் போகாத என் தொண்டையால்,
மூன்று மூன்றாகத் தாளம் தட்டினேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.